தாடை நீர்க்கட்டியின் சுவரில் பழுப்பு நிறம்: புரதக் குறியீடுகள் எதைச் சொல்கின்றன?

இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்-ரேயில், கீழ்த்தாடையின் கோடியில், முளைக்காமல் படுத்துக் கிடக்கும் ஞானப்பல்லைச் சுற்றி வட்டமாக ஒரு கருநிழல் தெரிகிறது. ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. "நீர்க்கட்டி மாதிரி இருக்கு, எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பிடலாம்" என்கிறார் பல் மருத்துவர். அப்புறம் ரிப்போர்ட் வருகிறது. அதன் அடியில் சில சமயம் இப்படி ஒரு வரி இருக்கும்: கேஐ-67 பாசிட்டிவ், பி53 ஆங்காங்கே பாசிட்டிவ், பிசிஎல்-2 அடி அடுக்கில் பாசிட்டிவ். மூன்றும் செல்லில் தேடிய புரதங்களின் பெயர்கள்; பரிசோதனையில் நிறம் பிடித்தால் பாசிட்டிவ். கையில் இருக்கும் போனில் பி53 என்று தேடினால் வருவதெல்லாம் புற்றுநோய் பற்றிய பக்கங்கள். அதோடு அந்த வீட்டில் அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

அந்த ஒரு வரியைப் பயமில்லாமல் படிக்கத் தெரிந்தால் போதும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பல் மருத்துவம் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும் இது உதவும். முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவா நெகட்டிவா என்று கேட்பதைவிட, எந்த அடுக்கில் நிறம் பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

முதலில் கட்டியைப் பார்ப்போம். எலும்புக்குள் ஒரு பை, பைக்குள் திரவமோ கூழ் போன்ற பொருளோ, பையின் உட்புறம் முழுக்க மெல்லிய செல் படலம். நீர்க்கட்டி என்பது இவ்வளவுதான். நம் கதை நடப்பது அந்தப் படலத்தில். பல் உருவானபோது உழைத்த செல்களில் சில, வேலை முடிந்த பிறகும் தாடைக்குள் சிறு சிறு கூட்டங்களாகத் தங்கிவிடுகின்றன. எந்தக் கூட்டம், என்ன காரணத்தால் மறுபடி விழித்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்துக் கட்டியின் வகை மாறும்.

மிகச் சாதாரணமாக வருவது வேர்முனை நீர்க்கட்டி. பல் சொத்தையாகி உள்ளே நரம்பு செத்து, வேர்நுனியில் அழற்சி நிற்கும்போது, அங்கே உறங்கிக் கிடந்த மலாசெஸ் செல்கூட்டங்கள் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன. இரண்டாவது, முளைக்காத பல்லின் தலைப்பகுதியைச் சூழ்ந்து வருவது. இதன் படலம் மிக மெல்லியது, இரண்டு மூன்று செல் அடுக்குதான். மூன்றாவது, பல்வழிக் கெரட்டின் நீர்க்கட்டி. கெரட்டின் என்பது தோலிலும் நகத்திலும் உள்ள உறுதியான புரதம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை வைத்து ஓகேசி என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். கட்டுரையின் மையம் இந்த மூன்றாவதுதான். ஏனென்றால் எக்ஸ்-ரேயில் இரண்டாவது வகையைப் போலவே இது தெரியலாம். ஆனால் குணம் வேறு. எலும்பின் உள்ளே நீளவாக்கில் ஓடிப் பரவும், அதனால் வெளியே வீக்கம் தெரிவதற்குள் ரொம்ப தூரம் போயிருக்கும். எடுத்த பிறகும் சில வருடம் கழித்துத் திரும்ப வரும் வழக்கம் அதற்கு உண்டு.

சாதாரண ஸ்லைடிலேயே ஓகேசியை அடையாளம் காணலாம். ஹெமடாக்சிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயம் போட்டால் உட்கரு நீலமாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். ஐந்து முதல் எட்டு அடுக்குள்ள சீரான படலம், மேலே அலை அலையான கெரட்டின், கீழே வேலிக்கம்பு நட்டது போல வரிசையாக நிற்கும் கருத்த உட்கருக்கள். இது தெளிவாகத் தெரிந்தால் வேறு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்: பெரும்பாலான தாடை நீர்க்கட்டிகளுக்குப் புரதப் பரிசோதனை இல்லாமலே பெயர் வைத்துவிடலாம். "எங்க ரிப்போர்ட்ல கேஐ-67 போடலையே" என்று யாரும் கவலைப்பட வேண்டாம். சாதாரண ஸ்லைடு குழப்பும்போதும், ஆராய்ச்சிக்காகவும்தான் அடுத்த படிக்குப் போவார்கள்.

அந்த அடுத்த படிக்கு ஆய்வகத்தில் ஐஎச்சி என்று பெயர். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்றை எலியிலோ முயலிலோ தயாரித்து வைத்திருப்பார்கள். ஃபார்மலினில் பதப்படுத்தி பாரஃபின் மெழுகில் புதைத்த திசுவை மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சூடான கரைசலில் வைத்து மறைந்து கிடக்கும் புரதத்தை வெளிக்கொண்டு வந்து, அதன் மேல் ஆன்டிபாடியை விடுவார்கள். ஒட்டிய இடத்தில் ஒரு நொதி வேலை செய்து பழுப்பு நிறத்தை உண்டாக்கும். மற்ற உட்கருக்கள் நீலமாக நிற்கும். ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைக் கட்டித் திசுவில் தேடலாம் என்று ஆல்பர்ட் கூன்ஸ் 1941-ல் காட்டினார். ஒளிரும் சாயத்துக்குப் பதில் நொதியைக் கட்டும் முறை 1960-களில் வந்தது. அதன் பிறகு சாதாரண மைக்ரோஸ்கோப்பே போதும் என்றானது.

கட்டியை எடுக்கும் மருத்துவர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். எடுத்த திசுவை உடனே 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போடுங்கள், திசுவைப்போல் பத்து மடங்காவது கரைசல் இருக்கட்டும். சலைனிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு மறுநாள் அனுப்பினால் புரதங்கள் கெட்டுப்போய், இருக்க வேண்டிய பழுப்பு இல்லாமல் போகும். எலும்புத்துண்டோடு வந்த திசுவைக் கடுமையான அமிலத்தில் ஊறவைத்தாலும் அதே கதிதான். கேஐ-67 இதில் குறிப்பாக நொய்ந்தது. அப்படி ஒரு ஸ்லைடில் "நெகட்டிவ்" என்று வருவதற்கு ஒரு பொருளும் கிடையாது.

சரி, கேஐ-67க்கே வருவோம். ஜெர்மனியின் கீல் நகரத்தில் 1983-ல் யோஹான்னஸ் கெர்டெஸும் அவர் குழுவினரும் விவரித்த ஆன்டிபாடியின் பெயர் இது. கீல் நகரத்தின் முதல் இரண்டு எழுத்தும், ஆய்வகத் தட்டில் அது இருந்த குழியின் எண்ணும் சேர்ந்தது. செல் பிளவுபடத் தயாராவதிலிருந்து பிளந்து முடிவது வரை எல்லாக் கட்டத்திலும் அந்த ஆன்டிபாடி பிடிக்கும் புரதம் உட்கருவில் இருக்கும். ஓய்வில் இருக்கும் செல்லில் இருக்காது. ஆகவே நூறு செல்லில் எத்தனை பழுப்பு என்று எண்ணினால், அந்தத் திசுவில் எவ்வளவு பேர் பெருகும் வேலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பிசிஎன்ஏ என்று இன்னொன்றையும் பழைய ஆய்வுகளில் பார்ப்பீர்கள். டிஎன்ஏ நகலெடுக்கும் நொதி நழுவிவிடாமல் டிஎன்ஏவோடு பிடித்து வைக்கும் வளையம் அது. நகலெடுக்கும் வேலை முடிந்த பிறகும் பல மணி நேரம் செல்லில் தங்கிவிடும். சமையல் முடிந்த பின்னும் சூடு தணியாத அடுப்பை வைத்து, இன்னும் சமையல் நடக்கிறது என்று நினைப்பது போல ஆகிவிடும். அதனால் பிசிஎன்ஏ எண்ணிக்கை எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே வரும். கேஐ-67 இருக்கும்போது நான் அதை நம்புவதில்லை.

இப்போது இடத்தைக் கவனியுங்கள். நம் கன்னத்தின் உட்பக்கத் தோலில் செல்கள் பெருகுவது பெரும்பாலும் அடி அடுக்கிலும் அதை ஒட்டிய அடுக்கிலும்தான். வேர்முனை நீர்க்கட்டியிலும், முளைக்காத பல்லைச் சூழ்ந்த கட்டியிலும் பழுப்பு உட்கருக்கள் கம்மி, இருப்பதும் பெரும்பாலும் அடியிலேயே. ஓகேசியில் காட்சி மாறுகிறது. அடி அடுக்கில் வேலிக்கம்பு போல நிற்கும் செல்கள் பெரும்பாலும் நீலமாக இருக்கும். அதற்கு மேலே, இரண்டாவது மூன்றாவது அடுக்கில் பழுப்பு உட்கருக்கள் வரிசையாகத் தெரியும். எண்ணிக்கையும் மற்ற இரண்டைவிட அதிகம். வெவ்வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் இந்த அமைப்பு திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. எனக்கு ஓகேசியில் மிகவும் பிடித்த காட்சி இதுதான். எண்ணிக்கையை மட்டும் எழுதிவிட்டு அடுக்கைக் குறிப்பிடாத ரிப்போர்ட் பாதிச் செய்தியைத்தான் தருகிறது.

இங்கே யோசிக்கும் மாணவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இவ்வளவு பெருகினால் படலம் தடிக்க வேண்டாமா? ஓகேசியின் படலமோ எப்போதும் அதே ஐந்து முதல் எட்டு அடுக்கு. விடை மேலே இருக்கிறது. பிறந்த செல்கள் வேகமாக மேலே ஏறி, மேற்பரப்பில் மடிந்து, கெரட்டினாகக் கட்டியின் உள்ளே உதிர்ந்துவிடுகின்றன. ஓகேசியைத் திறந்தால் பாலாடைக்கட்டி போன்ற வெண்ணிறப் பொருள் வருவது இதனால்தான். பிறப்பும் இறப்பும் ஈடாக நடக்கின்றன.

அடியில் மட்டும் இறப்பு தள்ளிப்போடப்படுகிறது. அதைக் காட்டுவது பிசிஎல்-2. ஒரு வகை நிணநீர்ப் புற்றில் முதலில் கண்டறியப்பட்டதால் அதன் பெயரில் லிம்ஃபோமா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நம் உடம்பின் பல ஆரோக்கியமான செல்களிலும் இருக்கும் புரதம்தான். செல்லைத் தானே மடியவிடாமல் தடுப்பது அதன் வேலை. ஓகேசியின் அடி அடுக்கில் இது நன்றாகப் பிடிக்கும். வேர்முனை நீர்க்கட்டியில் பெரும்பாலும் பிடிக்காது, அல்லது மங்கலாகத் தெரியும். கீழே மடியாத செல்கள், அதற்கு மேலே பெருகும் செல்கள், உச்சியில் உதிரும் செல்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், துளி படலம் எலும்பில் ஒட்டி நின்றுவிட்டால்கூட ஓகேசி ஏன் மறுபடி கட்டி எழுப்புகிறது என்பது புரியத் தொடங்கும். அதன் சுவரிலேயே குட்டிக் கட்டிகள் இருப்பதும் இன்னொரு காரணம்.

அடுத்து, எல்லோரையும் பயமுறுத்தும் பி53. இதைக் கண்டறிந்தது 1979-ல். டிஎன்ஏ அடிபட்டால் செல் பிளவை நிறுத்தி, பழுது பார்க்கச் சொல்லி, முடியாவிட்டால் செல்லை மடியச் சொல்லும் புரதம் இது. 1992-ல் டேவிட் லேன் இதை மரபணுத் தொகுதியின் காவலன் என்று அழைத்தார். ஆரோக்கியமான செல்லில் இது உருவாகிய சில நிமிடங்களில் உடைக்கப்பட்டுவிடும். அதனால் சாயத்தில் பிடிபடும் அளவுக்குச் சேராது. பி53-க்கான மரபணுவில் பிறழ்வு ஏற்பட்டு, கோணலான புரதம் உருவானால் அது உடையாமல் குவியும். உட்கருக்கள் எல்லாமே கரும்பழுப்பாகத் தெரியும். பி53 என்றதும் புற்றுநோய் நினைவுக்கு வருவது இந்தக் கரும்பழுப்பினால்தான்.

ஆனால் குவிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. செல்கள் வேகமாகப் பெருகினாலோ, அழற்சியால் நெருக்கடியில் இருந்தாலோ, சரியான பி53 கூடக் கொஞ்ச நேரம் அதிகமாகத் தங்கும். அப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெவ்வேறு அடர்த்தியில் பழுப்பு தெரியும். ஓகேசியில் பெரும்பாலும் காண்பது இதுதான். மரபணுவையே படித்துப் பார்த்த ஆய்வுகளிலும் பெரும்பாலானவற்றில் பிறழ்வு கிடைக்கவில்லை, இருந்தது நல்ல பி53தான். ஆகவே ரிப்போர்ட்டில் "ஆங்காங்கே பாசிட்டிவ்" என்று இருந்தால் அதைப் புற்றுநோய் என்று படிக்கக் கூடாது. காவலன் விழித்திருக்கிறான் என்று படிக்கலாம். இன்னொரு நுட்பமும் உண்டு. சிலவகைப் பிறழ்வில் புரதம் உருவாகவே உருவாகாது. அப்போது ஒரு செல்லில்கூட நிறம் பிடிக்காது. அதனால் நோயியல் மருத்துவர் கவலைப்படும் காட்சிகள் இரண்டு: எல்லாமே கரும்பழுப்பு, அல்லது பக்கத்தில் உள்ள இணைப்புத் திசுவில் லேசாகப் பிடித்திருந்தும் படலத்தில் முழுப்பூச்சியம். இந்த இரண்டுக்கும் நடுவே கிடப்பதுதான் இயல்பு.

தாடை நீர்க்கட்டியின் படலத்திலிருந்து புற்றுநோய் தோன்றுவதே இல்லையா என்றால், தோன்றும், ஆனால் மிக அரிது. அப்படித் தோன்றும் இடத்தில் செல்களின் உருவமே மாறியிருக்கும். உட்கருக்கள் பெரிதாகி, அளவு ஒன்றுக்கொன்று பொருந்தாமல், அடுக்கு ஒழுங்கு கலைந்திருக்கும். சாதாரண ஸ்லைடில் தெரியும் அந்த உருவ மாற்றத்தோடு கேஐ-67ம் பி53ம் சேர்ந்து ஏறினால்தான் அவற்றுக்கு எடை. உருவம் சரியாக இருக்கும் படலத்தில் ஒரு புரதம் மட்டும் ஏறியிருப்பதை வைத்து யாரும் புற்றுநோய் என்று எழுதுவதில்லை, எழுதவும் கூடாது.

அழற்சி எல்லாக் கணக்கையும் குழப்பும். ஓகேசிக்குள் கிருமி புகுந்து சீழ் வைத்தால், அந்த இடத்தில் கெரட்டின் மறைந்து, வேலிக்கம்பு வரிசை கலைந்து, படலம் தடித்து, பார்க்க வேர்முனை நீர்க்கட்டி போலவே ஆகிவிடும். கேஐ-67 எண்ணிக்கையும் ஏறும். அழற்சி செல்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் செய்யும் வேலை அது. சின்னத் துண்டு மட்டும் பயாப்ஸிக்கு வந்து, அது சீழ் வைத்த இடத்திலிருந்து வந்திருந்தால், மிகத் திறமையான கண்ணும் ஏமாறலாம். எக்ஸ்-ரேயையும், பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்ற தகவலையும் திசுவோடு சேர்த்து அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

சைட்டோகெரட்டின்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்லின் உள்ளே சாரம் கட்டியது போல் இருக்கும் இழைப் புரதங்கள் அவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். 19 பல்வழிச் செல்களில் பொதுவாகக் காணப்படுவது. 10 கெரட்டினாக முதிரும் செல்களில் வருவது, எனவே ஓகேசியின் மேல் அடுக்குகளில் தெரியும். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. பெரிய ஓகேசியை ஒரேயடியாக எடுக்காமல், ஒரு சிறு வாசல் திறந்து குழாய் வைத்து, நோயாளி தினமும் கழுவி வரும் சிகிச்சை முறை இருக்கிறது. அப்படி மாதக்கணக்கில் விட்ட பின் எடுத்த படலத்தில் 10ம் பிசிஎல்-2ம் காணாமல் போய், படலம் சாதாரண வாய்த்தோல் போல மாறியிருந்ததாகச் சில ஆய்வுகள் காட்டின. எல்லா நோயாளிக்கும் அப்படி நடப்பதில்லை. ஆனாலும் ஒரு படலத்தின் குணம் மாறக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

முளைக்காத பல்லைச் சூழ்ந்த கட்டிக்கு வேறொரு சந்தேகம் எழும்: இது நீர்க்கட்டியா, அல்லது ஒரே பையாக வளரும் அமெலோபிளாஸ்டோமாவா? பின்னது உண்மையான கட்டி, அதாவது ட்யூமர். புற்றுநோய் இல்லை, ஆனாலும் எலும்பை அரிக்கும். அதன் அடிச்செல்கள் எப்படி இருக்கும் என்று விக்கர்ஸும் கோர்லினும் 1970-ல் வரையறுத்தார்கள். இன்றும் அந்த உருவ அடையாளங்களைத்தான் முதலில் தேடுகிறோம். கால்ரெட்டினின் என்ற புரதம் இதில் பிடிக்கும் வாய்ப்பு அதிகம், நீர்க்கட்டிகளில் குறைவு. 2014-ல், அமெலோபிளாஸ்டோமாக்களில் பெரும்பகுதியில் பிராஃப் மரபணுவில் வி600ஈ என்ற ஒரே பிறழ்வு இருப்பது தெரியவந்தது. அந்தப் பிறழ்ந்த புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியும் இப்போது உண்டு. படலம் குழப்பும் இடத்தில் இந்தப் பழுப்பு கிடைத்தால் அது அமெலோபிளாஸ்டோமா பக்கம் நன்றாகவே சாய்க்கும்.

ஓகேசியின் குணத்துக்கு அடியில் இருப்பது பேட்ச்டு என்ற புரதம். மரபணு ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. ஸ்மூதன்டு என்ற இன்னொரு புரதத்தை அடக்கி வைப்பது அதன் வேலை. பேட்ச்டு பழுதானால் ஸ்மூதன்டு கட்டவிழ்ந்து, செல்லுக்கு ஓயாமல் "பெருகு" என்று கட்டளை போகும். 1960-ல் கோர்லினும் கோல்ட்ஸும் விவரித்த, கோர்லின் நோய் என்று சொல்லப்படும் பரம்பரை நோயில் பிறவியிலேயே இந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதாக இருக்கும். சிறு வயதிலேயே தாடையில் பல ஓகேசிகள், தோலில் பேசல் செல் புற்றுகள், பிளவுபட்ட விலா எலும்பு, உள்ளங்கையில் சிறு குழிகள். பதின்வயதுப் பிள்ளைக்கு ஒன்றுக்கு மேல் ஓகேசி இருந்தால் இதை நினைத்தே ஆக வேண்டும். பல் மருத்துவர்தான் இந்த நோயை முதலில் கண்டுபிடிப்பவராக இருக்க அதிக வாய்ப்பு.

இந்த மரபணுச் செய்தியும், அதிகமான பெருக்கமும், திரும்ப வரும் குணமும் சேர்ந்துதான் உலக சுகாதார நிறுவனம் 2005-ல் ஓகேசியை ட்யூமர் வகைக்கு மாற்றிப் பெயரையும் மாற்றியது. 2017-ல் மறுபடி நீர்க்கட்டி வகைக்கே கொண்டுவந்தது. வாசல் திறந்து வைத்தால் சுருங்கும் ஒன்றை உண்மையான ட்யூமர் என்பது எப்படி என்ற கேள்வி அதில் பெரிய இடம் வகித்தது. 2005-க்கும் 2017-க்கும் இடையே வந்த ரிப்போர்ட்டில் "கெரட்டோசிஸ்டிக் ஓடோன்டோஜெனிக் ட்யூமர்" என்று இருந்தால், அது இதே ஓகேசிதான். பழைய தாளை வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன்.

ஸ்மூதன்டைத் தடுக்கும் விஸ்மோடெஜிப் என்ற மாத்திரைக்கு, முற்றிய பேசல் செல் புற்றுக்காக 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கோர்லின் நோயாளிகள் அதை எடுத்துக்கொண்டபோது தாடையில் இருந்த ஓகேசிகளும் சுருங்கியது தெரியவந்தது. ஆனால் நாக்கில் ருசி போவது, முடி கொட்டுவது, தசைப்பிடிப்பு என்று பக்க விளைவுகள் கடுமை. ஒரே ஒரு ஓகேசி உள்ளவருக்கு யாரும் அதைத் தருவதில்லை. அவருக்கு அறுவை சிகிச்சையும், அதன் பிறகு குறைந்தது ஐந்து வருடமாவது ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்-ரேயும்தான். வலி இல்லை, வீக்கம் இல்லை என்று மூன்றாவது வருடம் நிறுத்திவிடாதீர்கள், ஓகேசி திரும்பும்போது முதலில் தெரிவது எக்ஸ்-ரேயில்தான்.